அ – 500

அப்பா இறந்த பதினேழாம் நாள்
பீரோ சாவி கிடைத்தது
பம்புசெட் கொட்டகையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்.
கரண்ட் ஓடும் இடத்தில்
எவரும் கைவைக்க மாட்டார்கள் என்று
கணக்குப் போட்டிருக்கிறார்.

இளஞ்சேரன் துபாயிலிருந்து வீடியோவில் பார்க்கிறான்.
"ஒவ்வொண்ணா காட்டுக்கா. வேகமா திருப்பாத."
காட்டினேன்.
கொரடாச்சேரி தபால் ஆபீஸ் பாஸ்புக் இரண்டு,
ஒன்றை எலி படித்திருந்தது.
எல்.ஐ.சி. பத்திரம்; நாமினி, பெரியப்பா,
அவர் போய் இருபது வருஷம்.
கோரையாற்றுக் கரையில் நாற்பது குழி.
அப்படி ஒரு நிலம் இருப்பதே
வி.ஏ.ஓ. சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.
பட்டா வேறு யார் பேரிலோ.
கல்யாணப் பத்திரிகை, மோட்டார் வாரண்டி, உர மூட்டை பில்,
எல்லாவற்றுக்கும் ஒரே ரப்பர் பேண்ட்,
தொட்டதும் பொடிந்தது.

அதற்கடியில் இருந்தது
கூட்டுறவுச் சங்க நகைக்கடன் ரசீது.
செயின் ஒன்று. இரண்டு பவுன். மாங்காய் டாலர்.
டாலரில் ஒரு கல் இல்லை.
19.9.2002.
கூடவே ஏல நோட்டீஸ், பிரிக்காமல்.

அந்தக் கல்லை
ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில்
கடித்துத் துப்பியவள் நான்.

"அது என்னக்கா?"
"ஒண்ணுமில்லடா. சங்கத்து ரசீது."
நானும் ஒளிக்கக் கற்றுக்கொண்டேன்,
அரை நொடியில்.

செயின் காணாமல் போன அன்று
பத்துப் பாத்திரம் தேய்க்க வந்த அஞ்சம்மாளை
கொல்லையில் நிற்கவைத்தார்கள்.
மாமாதான் சத்தம் போட்டார்.
முந்தி முடிச்சை அவளே அவிழ்த்தாள்:
ஒரு கொட்டைப்பாக்கு,
நான்கு ரூபாய்,
மகனுக்கு வாங்கிய பென்சில், பாதியாய் ஒடித்தது.
அப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.
வெகுநேரம் கழுவினார்.
"அஞ்சம்மாதான் கடைசியா ரூமுக்குள்ள வந்துச்சு"
என்று சொன்னது
வேறு யாருமில்லை.

அம்மாவிடம் ரசீதை நீட்டினேன்.
கண்ணாடி கேட்டாள்.
தேதியை மட்டும் படித்தாள்.
"அந்த வருஷம் தண்ணி வரல"
என்று சொல்லிவிட்டு
கீரை ஆய உட்கார்ந்தாள்.
தெரிந்து சொன்னாளா
அப்போதுதான் தெரிந்துகொண்டாளா,
கீரையிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்பாவின் டைரிகள் எட்டு.
நாற்று, நடவு, வண்டி வாடகை, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு எவ்வளவு அழுதார் என்பது.
ஒவ்வொரு தை மாதமும்
வேறு மையில் ஒரு வரி:
அ – 500.
2014 வரை. பிறகு இல்லை.
அரிசி மில் அண்ணாமலையாக இருக்கலாம்.
அம்மன் கோயில் வரியாக இருக்கலாம்.
அமுதவல்லி, நானாகக்கூட இருக்கலாம்,
பொங்கல் சீருக்கு அவர் தந்தது ஐந்நூறுதான்.
எனக்கு வேண்டிய ஆளை
அந்த ஒற்றை எழுத்தில் உட்காரவைக்க
மூன்று இரவு முயன்றேன்.
எழுத்து இடம் கொடுக்கவில்லை.

வாரிசுச் சான்றுக்கு
தாலுகா ஆபீஸில் ஃபாரம் எழுதித் தருபவர் கேட்டார்:
"கடன் பாக்கி எதுவும் உண்டாம்மா?"
"சங்கத்துல இருந்தது. ஏலத்தோட முடிஞ்சுது."
"அப்ப இல்லைன்னு போட்டுடுறேன்."
போட்டார்.
எழுத்துக்கூலி நூறு ரூபாய்.

நேற்று மன்னார்குடி பஸ் ஏறி
வடுவூரில் இறங்கினேன்.
அஞ்சம்மாள் நாலு வருஷம் முன்பே போய்விட்டாளாம்,
டீக்கடையில் சொன்னார்கள்.
மகன் ஏரிக்கரை ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான்.
தொட்டித் தண்ணீரில் ட்யூபை அழுத்தி
குமிழி வருகிற இடத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தான்.
கைப்பைக்குள் ரசீது.
இரண்டு பவுனுக்கு இன்றைய விலை
எனக்குத் தெரியும், வரும்போதே கேட்டு வந்திருந்தேன்.
பென்சிலுக்கு என்ன விலையென்று
தெரியாது.

அவன் நிமிர்ந்து
எனக்குப் பின்னால் ரோட்டைத் தேடினான்.
"வண்டி எங்கக்கா?"